இறந்த மனைவி பேரில் எட்டு டியூ: பள்ளிபாளையத்துத் தறித் தொழிலாளி ஒருவரின் கடன் கணக்கு

ஆட்களின் பெயரைப் போடவில்லை, அடையாளம் தெரியக்கூடிய ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன், தொகைகளைக் கிட்டத்தட்ட முழு எண்ணாக எழுதியிருக்கிறேன். நான் ஈரோட்டில் ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன், பாஸ்புக் பார்த்துச் சொல்வேன். அதற்கு மேல் இந்த விஷயத்தில் எனக்குப் பட்டம் எதுவும் கிடையாது. இதில் நான் செய்த தவறும் உண்டு, அதையும் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு அப்போது வயது 38. பள்ளிபாளையத்தில் ஒரு பட்டறையில் ஆறு தறி ஓட்டுகிறார், பெரும்பாலும் லுங்கி, சில மாதம் துண்டு. மீட்டர் கணக்கில் கூலி, சனிக்கிழமை கையில் வரும். நல்ல வாரம் 4,200, பாவு (தறியில் ஏற்றும் நீள நூல்) தீர்ந்து தறி நின்றால் 3,500. சராசரி 4,000 என்று வைத்துக்கொண்டோம். மனைவி அதே பட்டறையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார் (குறுக்கு நூலைக் கட்டையில் சுற்றும் வேலை), அது வாரம் 1,500. அவர் ஏழு மாதம் நோயில் கிடந்து 2023 அக்டோபரில் தவறிவிட்டார். மகள் அடுத்த ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கும் மகன் மூன்றாம் வகுப்புக்கும் போனார்கள். அமுச்சி, அதாவது மனைவியின் அம்மா, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவரும் தார் சுற்றுகிறவர்தான், வயது 62.

கடனில் பெரும்பகுதி அந்த ஏழு மாத ஆஸ்பத்திரி அலைச்சலில் ஏறியது. ஆனால் என்னிடம் வந்தபோது அவர் கேட்டது கடனைப் பற்றி இல்லை. "அண்ணா, இன்னொரு இடத்துல குழு லோன் போட முடியுமாங்க, அமுச்சி பேர்ல" என்றுதான் கேட்டார். எதற்கு என்றால், பழைய லோனின் டியூவை, அதாவது மாதத் தவணையை, கட்ட. (குழு லோன் என்பது பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் சிறு கடன்.)

உட்கார்ந்து எழுதியது

2024 ஜூன் 16, ஞாயிறு. ஒரு மஞ்சப்பையில் எல்லாக் காகிதத்தையும் கொண்டுவந்திருந்தார். அடகுச் சீட்டு, லோன் அட்டைகள், கரண்ட் பில், மகனின் பிறப்புச் சான்றிதழ், எல்லாம் ஒன்றாக. ஒரு லோன் அட்டையின் பின்பக்கம் பையன் பேனாவால் பஸ் வரைந்திருந்தான். மகள் தன் எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் நோட்டில் மீந்திருந்த பக்கங்களில் வரிசையாக எழுதினாள். யாருக்கு, எவ்வளவு பாக்கி, எந்தக் கிழமை, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று நாலு கட்டம். கடைசிக் கட்டம் அவளாகச் சேர்த்தது, நான் சொல்லவில்லை.

பட்டறை முதலாளியிடம் முன்பணம் 55,000, வட்டி இல்லை. மனைவி பேரில் 2023 பிப்ரவரியில் எடுத்த 45,000 குழு லோன், 24 மாதம், மாதம் 2,380, அசலில் பாக்கி 17,400 பக்கம். அமுச்சி பேரில் 2023 ஆகஸ்டில் ஆஸ்பத்திரிக்காக எடுத்த 40,000, மாதம் 2,115, பாக்கி 25,600. வார ஃபைனான்ஸில் இன்னும் ஆறு வாரம், 12,000. அடகுக் கடையில் மனைவியின் இரண்டு பவுன் செயினும் மகளின் அரைப் பவுன் தோடும், 75,000க்கு ரெண்டு வட்டி, ஆறு மாத வட்டி நிலுவையோடு 84,000. மச்சானுக்குக் கைமாற்று 30,000. மளிகைக் கடைக்கு 6,400. கூட்டினால் 2,30,400 வந்தது. அவர் மனக்கணக்கில் வைத்திருந்தது ஒரு லட்சத்துச் சொச்சம். அடகையும் மச்சானையும் அவர் கடனாகவே எண்ணியிருக்கவில்லை.

கவனித்தவை

எந்தக் கடன் அதிகச் சத்தம் போடுகிறதோ அதைத்தான் அவர் முதலில் கட்டிக்கொண்டிருந்தார். ஃபைனான்ஸ்காரர் சனிக்கிழமை சாயங்காலம் பட்டறை வாசலுக்கே வந்துவிடுவார், கூலி கைக்கு வந்து பத்து நிமிடத்தில் 2,000 போய்விடும். அப்புறம் குழு லோன்காரர்கள். சத்தமே போடாத அடகுக்கு ஆறு மாதமாக ஒரு பைசா போகவில்லை. ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம், நகை உள்ளே இருக்கிறது என்பதால் அந்தக் கடைக்காரர் ஏன் சத்தம் போடப் போகிறார்?

வார ஃபைனான்ஸ் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 20,000 என்று எழுதிக்கொண்டு கையில் 17,000 தருவார்கள், வாரம் 2,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். "மூவாயிரந்தானுங்க வட்டி" என்றார். ஆனால் 17,000 முழுசாகப் பத்து வாரம் அவரிடம் இருப்பதில்லையே, வாராவாரம் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. அப்படிப் பார்த்தால் வாரத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல், வருடத்துக்கு 160 சதவீதம் பக்கம் வரும். அதை அவர் மூன்று முறை புதுப்பித்திருந்தார். மாத வருமானம் 17,300, அதில் இரண்டு குழு லோன், ஃபைனான்ஸ், வாடகை 2,500 எல்லாம் போக நாலு பேர் சாப்பிட 1,600 ரூபாய்தான் மிஞ்சியது. அதனால்தான் மளிகைப் பாக்கி, அதனால்தான் பத்து வாரத்துக்கு ஒருமுறை புது ஃபைனான்ஸ்.

கந்துவட்டி வாங்குவதைத் தடுக்க 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, மூன்று வருடம் வரை சிறை. புகார் கொடுக்கலாமா என்று கேட்டேன். "அவரு எங்கள மெரட்டுலீங்ணா, கஷ்டத்துல குடுத்தாருங்க" என்று முடித்துவிட்டார். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவர் அந்த ஊரில் வாழ வேண்டியவர்.

இன்னொன்றும் அன்றைக்குச் சொன்னார், போகிற போக்கில். டீக்கடையில் ஒருவர் அவருடைய ரத்த வகை என்ன என்று கேட்டாராம். எதற்கென்று இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பள்ளிபாளையத்துத் தறிக்காரர்களைச் சிறுநீரகத் தரகர்கள் சுற்றுவது 2025 ஜூலையில் பெரிய செய்தியாகி அரசு விசாரணை வரைக்கும் போனது. நாங்கள் பேசியது அதற்கு ஒரு வருடம் முன்னால்.

மனைவியின் லோன்

இதுதான் இந்தக் கணக்கின் நடுப்பகுதி. அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்த மகள் "இன்சூரன்ஸ்னு ஒரு வரி இருக்குதுங்க மாமா" என்றாள். லோன் கொடுத்த அன்றே காப்பீட்டு பிரீமியம் பிடித்திருக்கிறார்கள். குழு லோன்களில் இது வழக்கம். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மிச்ச அசலைக் காப்பீட்டு நிறுவனம் அடைத்துவிடும், குடும்பம் கட்ட வேண்டியதில்லை. மனைவி இறந்து எட்டு மாதமாகி, எட்டு டியூ, 19,040 ரூபாய், இவர் கட்டியிருக்கிறார். வசூலுக்கு வந்த பையனும் சொல்லவில்லை, கிளையிலும் சொல்லவில்லை. டியூ வரவு வைத்த எஸ்எம்எஸ் எல்லாம் இறந்தவரின் நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது, ரீசார்ஜ் இல்லாமல் அந்த சிம் செத்தே ஆறு மாதம்.

ஏன் கேட்கவில்லை என்றேன். "குழுவுல மத்தவிங்களுக்கு லோன் வராதுன்னு சொன்னாங்ணா. அவ பேரு கெட்டுரக் கூடாதுங்ல்ல."

இறப்புச் சான்றிதழ், இருவர் ஆதார், லோன் அட்டை நகல், இவர் பாஸ்புக் முதல் பக்கம், இதோடு ஒரு கடிதம். இறந்த தேதியில் இருந்த பாக்கியைக் காப்பீட்டில் அடைக்க வேண்டும், அதற்குப் பிறகு வாங்கிய எட்டு டியூவைத் திருப்பித் தர வேண்டும், முடிவு தெரியும் வரை டியூ கட்டப்போவதில்லை, இந்த மூன்று விஷயம்தான். ஜூன் 24 திங்கட்கிழமை கிளையில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினோம். முத்திரை போட அரை மணி நேரம் இழுத்தார்கள், "நாள் தாண்டிருச்சுங்களே" என்றார்கள். தாண்டியிருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள் என்றதும் போட்டார்கள். அட்டையின் பின்னால் இருந்த குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரிக்கும் ஒரு நகல் பதிவுத் தபாலில் போனது. 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் (14448க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்), அதையும் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தோம்.

நடுவில் வசூல் பையன் இரண்டு முறை இரவு ஏழரை மணிக்கு அமுச்சி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். குழு லோன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பிறகும் வரக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதியில் இருக்கிறது. கிளை மேலாளருக்குப் போன் செய்து அதைச் சொன்னோம், நின்றுவிட்டது. 26ஆம் நாள் பதில் வந்தது. கடன் அடைக்கப்பட்டது, 19,040 ஆகஸ்ட் முதல் வாரம் அவர் கணக்குக்கு வந்தது. அமுச்சி லோனில் கழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம், கணக்கில் போடுங்கள் என்றோம்.

பாஸ்புக் என்றதும் ஞாபகம் வருகிறது. மனைவியின் வங்கி பாஸ்புக்கில் 2023 மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்திருந்தது, அது விபத்துக் காப்பீடு. அதே வாரம் பிடித்திருக்க வேண்டிய 436 பிடிக்கப்படவில்லை. கணக்கில் அன்றைக்கு இருந்தது 212 ரூபாய். அந்த 436 போயிருந்தால் பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டில் 2 லட்சம் வந்திருக்கும். அவரிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, பாஸ்புக்கை வாங்கி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார்.

ஃபைனான்ஸை நிறுத்திய ஆறு வாரம்

முடிவு எளிது: மிச்ச ஆறு வாரத்தைக் கட்டுவது, புதுப்பிக்காமல் விடுவது. நடத்துவதுதான் கடினம். மனைவி லோன் டியூ நின்றதால் மாதம் சாப்பாட்டுக்கு 4,000 பக்கம் கிடைத்தது. ரேஷன் அரிசி, பையனுக்குப் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும், மகளுக்கு மதிய உணவு, ராத்திரி அமுச்சி வீட்டில். மளிகைக் கடைக்காரரிடம் நேராகப் போய், பழைய பாக்கி ஆகஸ்டில் தருகிறேன், இனி ரொக்கத்துக்குத்தான் வாங்குவேன் என்று சொன்னார். கடைக்காரர் ஒரு முட்டை கூடுதலாக வைத்துக் கொடுத்தாராம், அதை இரண்டு மூன்று தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கஷ்டம் வந்தது ஆறாவது வாரத்தில். ஃபைனான்ஸ்காரர் டிவிஎஸ் ஃபிஃப்டியை நிறுத்திவிட்டு, சிரித்த முகமாக, "அடுத்த ரவுண்டு முப்பதாப் போட்டுக்கலாம் தம்பி, நோம்பி வருதுல்ல" என்று நோட்டை நீட்டினார். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆடி 18க்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும் என்று இவர் மனசில் ஓடிக்கொண்டிருந்த நேரம். "மகளக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றாராம். வீட்டில் நோட்டு அவளிடம்தான் இருந்தது. அவள் வேண்டாம் என்றுவிட்டாள். மிரட்டியிருந்தால்கூட இவர் சுலபமாக மறுத்திருப்பார் என்பது என் எண்ணம்.

திரும்பி வந்த பணம்

19,040இல் மளிகைக்கு 6,400 போனது. மிச்சத்தை அடகில் கட்டலாம் என்று நான் சொன்னேன். அவர் மச்சானுக்கு 5,000 கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். வட்டியில்லாத கடன் ஓடிப் போகாது, வட்டி ஓடுகிற கடனைப் பாருங்கள் தம்பி என்று கொஞ்சம் கோபமாகவே பேசினேன். கேட்கவில்லை, கொடுத்துவிட்டார். மிச்சம் 7,640ஐ யாருக்கும் கட்டாமல் கணக்கிலேயே வைத்தோம், அடுத்த தடவை பையனுக்குக் காய்ச்சல் என்றால் ஃபைனான்ஸ் வாசலுக்குப் போகக் கூடாது என்பதற்காக. செப்டம்பரில் காய்ச்சல் வந்தது, 1,800 அதிலிருந்து போனது. பையனை மூன்று நாள் வைத்துப் பார்த்துக்கொண்டது மச்சானின் மனைவி. இவரை வேலைக்கு லீவு போடவிடாமல் காப்பாற்றியது அந்த 5,000தான் என்று இப்போது தோன்றுகிறது.

செயின்

2024 அக்டோபரில் பவுன் 58,000ஐத் தாண்டியிருந்தது. அடகு பத்து மாத வட்டியோடு 90,000. மாதம் 1,500 வட்டி கட்டி, அசலையும் கட்டி, செயினை மீட்பதற்குள் முன்பணம் அப்படியே நிற்கும். விற்கலாம் என்பது என் யோசனை, ஆனால் நான் வாயைத் திறக்கும் முன் மகள் சொன்னாள், "அம்மா செயின வித்துரலாங்ப்பா, தோடு மட்டும் மீட்டுக் குடுங்க." அவர் அன்றைக்கு முடிவு சொல்லவில்லை, இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். நகைக்கடைக்காரர் கூடவே வந்து அடகை மீட்டு, உரசிப் பார்த்து, அழுக்கு அது இது என்று கழித்து 1,08,000 கொடுத்தார். அடகு முடிந்தது, தோடு காதுக்கு வந்தது, 18,000 மீந்தது.

முன்பணம்

வட்டியில்லாத கடன் என்று முதல் நாள் எழுதியிருந்தோம், அது சரியில்லை. முன்பணம் நிற்கிற வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது, பக்கத்துப் பட்டறையில் வாரம் 450 கூடக் கிடைக்கும் என்று தெரிந்தும். வட்டி அதுதான். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று மாறி மாறி ஷிப்ட். ராத்திரி ஷிப்டில் பிள்ளைகள் தனியாகக் கிடப்பார்கள், பகல் மட்டும் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் வைத்திருப்பது 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் வரும் என்று சொல்லி வைத்தேன். ஆனால் மனைவி இறந்த அன்று அமரர் ஊர்திக்குப் பணம் கொடுத்தவர் அந்த முதலாளிதான், அதனால் சட்டத்தை எடுக்கவில்லை.

தீபாவளிக்கு முன் செயினில் மீந்த 18,000த்தையும் போனஸ் 8,000த்தையும் கையில் கொடுத்தார். பாக்கி 29,000. வாரம் 600 பிடித்துக்கொள்ளுங்கள், நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், எனக்குப் பகல் ஷிப்ட் மட்டும் கொடுங்கள் என்று மூன்றையும் ஒன்றாகக் கேட்டார். முதலாளி கொஞ்ச நேரம் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "செரி கண்ணு" என்றாராம்.

நூல் வராமல் தறி நின்ற நாலு வாரம் பிடித்தம் இல்லை. மற்றபடி 2025 தீபாவளி போனஸில் கடைசி 2,600ஐக் கழித்ததோடு முடிந்தது. அமுச்சி லோன் அதற்கு முன்பே ஆகஸ்டில் கடைசி டியூவோடு தீர்ந்திருந்தது.

உதவித் திட்டங்கள்

அலைந்ததற்குக் கிடைத்தது குறைவு. மகளிர் உரிமைத் தொகை பெண்களுக்கு, இந்த வீட்டில் வயது வந்த பெண் இல்லை. ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளுக்கான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 உண்டு, ஆனால் வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000, இவர் அதற்கு இரண்டு மடங்கு மேல். விசைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தோம், பிள்ளைகள் படிப்புக்குக் கொஞ்சம் வரும். மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள், கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000. ஜீவன் ஜோதி பிரீமியத்துக்காக 2025 மே 20க்குள் இவர் கணக்கில் 500 ரூபாய் இருக்க வேண்டும் என்று அவள் நோட்டின் அட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தாள். 436 பிடித்தார்கள்.

மறுபடி செய்தால்

செயினை விற்றது என் மனசை உறுத்துகிறது. சரியாக ஒரு வருடத்தில், 2025 அக்டோபரில், பவுன் 90,000ஐத் தாண்டிவிட்டது. விலை ஏறும் என்று யாருக்கும் தெரியாது, சரி. ஆனால் ரெண்டு வட்டி அடகிலிருந்து மீட்டு வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ மறு அடகு வைத்திருந்தால் வட்டி பாதிக்கும் கீழே வந்திருக்கும், செயினும் இருந்திருக்கும். நடுவில் ஒரு நாள் கைமாற்றுக்கு 90,000 வேண்டும், யார் தருவார்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டு விட்டுவிட்டேன். அந்தப் பட்டறை முதலாளியிடம் ஒரு நாளைக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை. அமுச்சி லோனின் காகிதத்தையும் தாமதமாகத்தான் படித்தோம். முன்கூட்டி முடித்தால் அபராதம் கிடையாது என்பது அதில் இருந்தது. ஆகஸ்டில் வங்கியில் தூங்கிய பணத்தில் கொஞ்சத்தை அங்கே போட்டிருக்கலாமா என்பது எனக்கும் அவருக்கும் இன்னும் ஓயாத வாக்குவாதம்.

இப்போது

மச்சானுக்குச் செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 போகிறது, 2026 ஜனவரியில் பாக்கி 20,000. பொங்கல் கழிந்து பக்கத்துப் பட்டறைக்கு மாறினார், பகல் ஷிப்ட், வாரம் 4,450. போன முதல் நாள் புது முதலாளி "முன்பணம் எவ்வளவு வேணும்?" என்றுதான் கேட்டாராம். வேண்டாங்க என்றதும், நீ எத்தனை மாதம் நிற்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அவருக்குச் சந்தேகம். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் வரச் சொன்னார்.